படகில்லாத ஊரின் எட்டாவது காட்சி

ஜப்பானில், மலைகளுக்கு நடுவே தொகிசாவா என்று ஒரு சிற்றூர். பழைய மலைச் சாவடியில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்ந்த மோசுகே அங்கே இருந்தார். வயது அறுபது. அவருடைய குரு கெய்ஷூ என்ற பெண் துறவி, அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஊரில் சிலர் இதைச் சொல்லிக் கேலி பேசினார்கள். மோசுகே அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் காதில் விழுந்தது வேறொரு சேதி. பக்கத்து ஏரிக்கரை ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் எட்டுக் காட்சிகளைக் கல்லில் செதுக்கி, ஊர் எல்லையில் நட்டுவிட்டார்களாம்! மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டுக் காட்சி என்பது அங்கே ஒரு வழக்கம். ஊருக்கு ஊர் தங்கள் அழகுகள் எட்டைப் பெயர் சொல்லிப் பட்டியல் போடுவார்கள். எந்தெந்த எட்டு வகை என்பதும் பழங்காலத்திலேயே முடிவான விஷயம். தொகிசாவாவுக்கு ஏழு சுலபமாகக் கிடைத்தன. இடிந்த கோட்டைக்கு மேல் நிலா. சாவடி வாசலில் இரவு மழை. கணவாயில் அந்திப் பனி. கோயில் மணியோசை. வளைந்த மரப்பாலத்தில் மாலை வெயில். கடைத்தெருவில் விலகும் மூடுபனி. அறுத்த வயலில் இறங்கும் காட்டு வாத்துகள்.

எட்டாவது, கரை திரும்பும் படகுகள்.

தொகிசாவாவில் கடல் இல்லை, ஏரி இல்லை. இருக்கிற ஓடையில் தவளைக்கே முட்டளவுதான் தண்ணீர்.

ஆனால் மோசுகே ஊர்க் கூட்டத்தில் வாய்விட்டுவிட்டார். "முதல் பனி விழறதுக்குள்ள எட்டையும் எழுதித் தரேன்!" கல்தச்சர் கோன்ஜி வெளியூரிலிருந்து வந்து கல்லில் ஏழு காட்சிகளைச் செதுக்கி முடித்து, உளியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பனி விழுந்தால் கணவாய் அடைபடும். அதற்குள் அவர் ஊர் திரும்பியாக வேண்டும். எட்டாவது இல்லாவிட்டால் கல்லில் அதற்கு விட்ட மொட்டை இடம் வசந்தம் வரைக்கும் நடுத்தெருவில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டும்.

அவரும் சும்மா இருக்கவில்லை. மனைவி ஒதாகியின் துணி துவைக்கும் மரத்தொட்டிக்குப் படுக்கை விரிப்பைப் படகுப் பாயாகக் கட்டி ஓடையில் விட்டுப் பார்த்தார். அது அருவி வரைக்கும் ஜோராகப் போனது. அதற்கப்புறம் விறகாகப் போனது. ஒதாகி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவரும் யோசனையில் இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

கடைசியில் குருவிடம் போனார். கெய்ஷூ மடத்து வாசலில் சீமைப்பனிச்சைப் பழத்தைத் தோல் சீவி, காய வைக்கக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார்.

"குருவே, படகே இல்லாத ஊர்ல படகு திரும்பறதை எப்படிப் பார்க்கிறது?"

"இன்னும் பத்துப் பழம் இருக்கு. சீவுங்க."

"கோன்ஜி நாளைக்கு மூட்டை கட்டறார், குருவே!"

"அப்போ சீக்கிரம் சீவுங்க."

சீவி முடித்ததும் கெய்ஷூ எழுந்து இடிந்த கோட்டையை நோக்கி நடந்தார். மோசுகே மூச்சிரைக்கப் பின்னால் போனார். வழியெல்லாம் மேப்பிள் இலைகள் செக்கச்செவேலென்று கொட்டிக் கிடந்தன. இருவரும் கோட்டைச் சுவர்மேல் ஏறி நின்றார்கள்.

"இங்கே நூறு தடவை வந்தாச்சு, குருவே."

"வந்து எதைப் பார்த்தீங்க?"

"நிலாவை."

"இன்னிக்குக் கீழே பாருங்க."

கீழே பள்ளத்தாக்கில் மூடுபனி தேங்கிக் கிடந்தது. மலைச்சரிவிலிருந்து ஏதோ ஒன்று வெள்ளையாக ஆடிக்கொண்டு அதற்குள் இறங்கியது. பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒரு வரிசையே வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நாணல் கட்டுகள்! கூரை வேய்வதற்காக அறுத்தவை. சுமப்பவர்களை மூடுபனி மறைத்துவிட்டது. வெள்ளைப் பூக்கள் மட்டும் காற்றில் புடைத்து, சாய்ந்து, நிமிர்ந்து மிதந்து வந்தன.

"படகுப் பாய்!" மோசுகே சின்னப் பையனைப் போலக் குதித்தார். "குருவே, பதினேழு, பதினெட்டு... எட்டாவது காட்சி கிடைச்சிடுச்சு! ஏரிக்கரைக்காரன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வெச்சுக்குவான்!"

"அழகா இருக்கு" என்றார் கெய்ஷூ. "எந்தக் கரைக்குப் போகுது?"

மோசுகே எட்டிப் பார்த்தார். வரிசை மரப்பாலத்தைத் தாண்டியது. கடைத்தெருப் பக்கம் திரும்பவில்லை. கோயில் பக்கமும் திரும்பவில்லை. மூங்கில் வேலி போட்ட ஒரு வீட்டு முற்றத்தில் முதல் கட்டு இறங்கியது.

அது அவருடைய வீடு.

தொகிசாவாவில் வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, ஊரே கூடி நாணல் அறுத்துக் கூரை மாற்றிக் கொடுக்கும். இந்த வருஷம் மோசுகே வீட்டு முறை. ஒதாகி போன வாரமே சொல்லியிருந்தாள். அவர் "உம்" கொட்டியும் இருந்தார்.

மோசுகேவுக்கு முகம் சுட்டது. எட்டாவது கட்டும் ஒன்பதாவது கட்டும் முற்றத்தில் இறங்கின. கடைசிக் கட்டு இன்னும் பாலத்துக்கே வரவில்லை. ஆடி ஆடி, நின்று நின்று வந்தது. அதன் கீழே இருப்பது யார் என்று அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது.

வேட்டைநாய் துரத்தியதுபோல அவர் சரிவில் ஓடினார். பாலத்துக்கு நடுவே ஒதாகியைப் பிடித்துவிட்டார்.

"இறக்கு, நான் தூக்கறேன்."

"வாங்க, வாங்க" என்றாள் ஒதாகி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "படகு கிடைச்சுதா?"

அவர் குனிந்து முதுகைக் கொடுத்தார். கட்டு முதுகில் ஏறியதும் இடுப்பு முறுக்கிக்கொண்டது. ஒதாகி சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தாள். கல்லருகே உட்கார்ந்திருந்த கோன்ஜி உளியை ஆட்டிக் கூப்பிட்டார். "ஐயா, செதுக்கவா, வேண்டாமா?"

மோசுகே கோட்டைப் பக்கம் தலையைத் திருப்பிக் கத்தினார். "குருவே! இங்கேயிருந்து எனக்குத் தரைதான் தெரியுது! எட்டாவது காட்சி இன்னும் இருக்கா?"

சுவரின் மேலிருந்து கெய்ஷூ கையை வாயருகே குவித்துக் குரல் கொடுத்தார்.

"கடைசிப் படகும் திரும்பிடுச்சு! செதுக்கச் சொல்லுங்க!"