நுரைத் தேறலும் களச்செம்பும்

இக்கதைக்குள் நுழையுமுன் மூன்று செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும். தென்மலை நாட்டில் ஆண்டுதோறும் மற்போர் நடக்கும். ஒவ்வொரு மல்லனுக்கும் உணவளித்து வளர்க்கும் புரவலர் ஒருவர் உண்டு. அவர் பெயரைக் கட்டியக்காரன் களத்தில் முழங்குவான். மல்லன் களமிறங்குமுன், புரவலர் தரும் பானத்தில் ஒரு செம்பை மக்கள் காணக் குடித்தாக வேண்டும். வழிவழியாக அது பால்தான். ஆகவே அவ்வழக்கத்தை எவரும் பொருட்படுத்தியதில்லை.

பொருட்படுத்தாதவர்களுள் முதல்வர் பூதலிங்கர். வாற்கோதுமையைப் புளிக்கவைத்து, நுரைபொங்கும் தேறல் வடித்து விற்பவர். குடித்தவனை அவன் மனைவி தோளில் தாங்கி வீடு சேர்க்க வேண்டும். அத்தகைய பானம் மலையைத் தூக்கும் வலிமை தரும் என்பது அவருடைய வாதம். களத்துக்குக் கூரை வேய்ந்து தந்தார். கைம்மாறாக, நாட்டின் தலைசிறந்த மல்லனான பலவேசத்துக்குத் தாமே புரவலராக வேண்டும் என்றார். அரசர் உதயசேகரருக்கு வெயில் ஆகாது. உடனே இசைந்தார்.

முழக்கமும் ஆயத்தமாயிற்று: 'பலவேசத்தின் தோள்வலிமை, பூதலிங்கர் தேறல் தந்தது.'

பலவேசம் அமைச்சர் குழைக்காதரிடம் ஓடினான்.

"ஐயா, நான் அதைத் தொட்டதுகூட இல்லை. என் அண்ணன் அதைக் குடித்தே செத்தான். இந்த முழக்கம் என் அண்ணி காதில் விழலாமா?"

"அரசரிடம் சொன்னாயா?"

"சொன்னேன். முழக்கம் வேண்டாமென்றால் களமும் வேண்டாம் என்றுவிட்டார்."

"அப்படியானால் களத்துக்கு வா. செம்பைக் கொடுத்தால் வாங்கிக்கொள். மெல்ல உயர்த்து. வாய் பேசாதே. மற்றதை வணிகர் பார்த்துக்கொள்வார்."

"வணிகரா?"

"அவர்தாம். அந்தச் சரக்கை அவரைவிட நன்கறிந்தவர் யார்?"

போட்டி நாளன்று கூரையெங்கும் நுரைக்குடம் எழுதிய கொடிகள். பலவேசத்தின் கச்சையிலும் அதே குடம். எதிர்மல்லன் தன் செம்புப் பாலைக் குடித்துவிட்டுத் தொடை தட்டினான்.

குழைக்காதர் எழுந்தார். "அரசே, நம் மல்லன் இன்னும் குடிக்கவில்லை. புரவலர் தம் தேறலை வார்க்கட்டும்."

பூதலிங்கர் சிரித்தார். "பாலே வரட்டுமே, அமைச்சரே. எனக்குப் பெயர் முழங்கினால் போதும்."

"இங்குள்ள பால், களத்துக்குப் பால் தரும் கோமதியம்மாள் வீட்டு மாட்டுடையது. அதைக் குடித்தால் அவர் பெயரையல்லவா முழங்க வேண்டும்?"

அரசர் தலையசைத்தார். "வழக்கத்தை மாற்ற முடியாது. தேறலை வார்க்கச் சொல்லுங்கள்."

தேறல் வந்தது. பலவேசம் செம்பை இரு கைகளாலும் ஏந்தினான். நுரை விரல்களில் வழிந்தது. அவன் அமைச்சரைப் பார்த்தான். அமைச்சரோ வணிகரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பு மார்புக்கு உயர்ந்தது, மோவாய்க்கு உயர்ந்தது.

"நிறுத்து, குடிக்காதே" என்று பூதலிங்கர் இருக்கையை விட்டுத் துள்ளினார்.

"ஏன்?" என்றார் அரசர்.

"கால் தள்ளாடும், அரசே. முதல் பிடியிலேயே விழுந்துவிடுவான். என் குடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, இத்தனை பேர் பார்க்க விழலாமா?"

களம் முழுவதும் அதைக் கேட்டது. குழைக்காதர் கட்டியக்காரன் பக்கம் திரும்பினார்.

"முழக்கத்தில் சிறு திருத்தம். புரவலர் இப்போது சொன்னதையே சொன்னால் போதும்: 'பூதலிங்கர் தேறல். காலூன்றி நிற்க வேண்டியவர்கள் குடிக்க வேண்டாம்.'"

அரசர் சிரித்த சிரிப்பில் மகுடம் சரிந்து காதில் தங்கியது.

பின்னர் நடந்தவை இவை. பலவேசம் பால் குடித்துக் களமிறங்கி வென்றான். கோமதியம்மாள் பெயர் முழங்கிற்று. அவனுடைய அண்ணி அதைக் கேட்டார். குழைக்காதருக்குப் பொற்கடகம் கிடைத்தது. குடக் கொடிகள் குதிரை லாயத்துக்குத் துடைதுணியாயின. திருத்திய முழக்கம் ஆண்டுதோறும் ஒலிக்க ஆணை பிறந்தது. கூரை மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் நிழலில் அமர்ந்து போட்டி காணும் பூதலிங்கர், மோர்தான் குடிக்கிறார்.