கருவேலங்குட்டையில் சோலைபாடி கச்சேரி

கருவேலங்குட்டைக் கரையில் காலையிலிருந்தே ஒரே கூச்சல். நரி தலைமையில் கூட்டம். எருமை, ஆமை, உடும்பு, கொக்கு, மைனா, தவளைகள், முயல் என்று ஒன்று பாக்கியில்லாமல் வந்து குந்தியிருந்தன.

“இந்த வருஷம் சோலைபாடி நம்ம குட்டைக்கு வந்தே ஆகணும்!” என்று நரி வாலால் தரையை ஓங்கி அடித்தது.

“ஆகணும்! ஆகணும்!” என்று தவளைகள் குதித்தன.

சோலைபாடி யாரென்று கேட்கிறீர்களா? சரியாப் போச்சு! அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதன் பெயர் தெரியாத பூச்சிகூடக் கிடையாது. கறுத்த உடம்பு, செம்மண் நிற வயிறு, நீண்ட வால் கொண்ட சின்னக் குருவிதான். ஆனால் வாயைத் திறந்தால் ஓடுகிற மான் நின்றுவிடும். தாளத்துக்கு ஒரு மரங்கொத்தி, பின்பாட்டுக்கு நாலு கொண்டைக்குருவிகள், எல்லாரையும் அதட்டி மேய்க்க ஒரு கரிச்சான் குருவி. இந்தக் குழு ஒவ்வொரு கோடையிலும் மலைக்காட்டில் பாடும். அங்கிருந்து கிளம்பி, பௌர்ணமியன்று பெருங்காட்டில் பாடும். நடுவில் கிடக்கிற கருவேலங்குட்டையில் அது பாட இறங்கியதே இல்லை.

அதனால் குட்டையின் பிள்ளைகள் எல்லாம் பெருங்காட்டுக்கு ஓடும். வழியில் ஒரு பெரிய ரோடு. அதில் லாரிகள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். போன வருடம் பாட்டுக் கேட்கப் போன அணில்பிள்ளை ஒன்று வீடு திரும்பவில்லை.

இந்த வருடம், “நாங்களும் போவோம்!” என்று முயலின் மூன்று குட்டிகளும் ஒற்றைக் காலில் நின்றன. முயல் மிரட்டிப் பார்த்தது, கெஞ்சிப் பார்த்தது. குட்டிகள் கேட்டால்தானே! பாவம், முயலுக்குப் புல் தொண்டையில் இறங்கவில்லை. சோலைபாடி இங்கேயே வந்து பாடிவிட்டால் பிள்ளைகள் ரோடு பக்கம் போகாது. அதற்கு அது ஒன்றுதான் வேண்டும்.

நரி கொக்கிடம் அழைப்புச் சொல்லி அனுப்பியது. எப்படிப்பட்ட அழைப்பு! “மலைக்காட்டுக்கும் பெருங்காட்டுக்கும் எந்த விதத்திலும் குறையாத கருவேலங்குட்டைக்குப் பௌர்ணமியன்று வருகை தர வேண்டும். லட்சம் ரசிகர்கள் காத்திருக்கிறார்கள். இப்படிக்கு, தலைவர் நரி.”

இரண்டே நாளில் கொக்கு தொங்கிய முகத்தோடு திரும்பியது.

“என்ன சொன்னாங்க?” என்று எல்லாம் சூழ்ந்துகொண்டன.

“கரிச்சான் விழுந்து விழுந்து சிரிக்குது. பௌர்ணமி பெருங்காட்டுக்குத்தானாம். நம்ம குட்டையை மேலேயிருந்து பார்த்திருக்காங்களாம். எருமை ஒண்ணு படுத்தா இடம் நிறைஞ்சிடுமே, லட்சம் ரசிகர் எங்கே உட்காருவாங்கன்னு கேட்குது!”

எருமை கோபித்துக்கொண்டு எழுந்து நின்றது. “என்ன திமிர்! வரவே வேண்டாம், போகச் சொல்லு!” என்று நரி உறுமியது.

முயல் மட்டும் வானத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தது.

“நரி அண்ணே, ஒண்ணு கேட்கட்டுமா? மலைக்காட்டிலிருந்து பெருங்காட்டுக்குப் பறக்க எத்தனை நாள் ஆகும்?”

“ரெண்டு நாள். அதுக்கென்ன?”

“வழியிலே தண்ணி?”

“எங்கே இருக்கு? நம்ம பக்கத்தை விட்டா எல்லாம் பொட்டல்.”

“போன வருஷம் அந்த மரங்கொத்தி நம்ம வேலமரத்துல உட்கார்ந்து மூச்சு வாங்கினதை நான் பார்த்தேன். நாக்கு வெளியே தொங்குச்சு அண்ணே! நாம பௌர்ணமியைக் கேட்க வேண்டாம். அதுக்கு முந்தின நாளைக் கேட்போம். அன்னிக்கு அவங்களுக்குக் கச்சேரியே கிடையாது, சும்மா பறந்துதானே போறாங்க!”

“மிச்சம் மீதி நாளையா கேட்கிறது? நம்ம மரியாதை என்ன ஆகிறது?” என்று நரி சீறியது.

ஆனால் மைனாவுக்கு முயல் சொன்னது பிடித்துப்போயிற்று. நரி தடுப்பதற்குள் விர்ரென்று கிளம்பிவிட்டது. முயல் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: “ஐயா, போகிற வழியில் இறங்குங்கள். குளிக்கத் தண்ணீர் இருக்கிறது. உட்கார நிழல் இருக்கிறது. ஈசலும் ஆலம்பழமும் வேண்டிய மட்டும் சாப்பிடலாம். களைப்பு தீர்ந்தால் நாலு பாட்டுப் பாடுங்கள். பாட முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஓய்வெடுத்துப் போங்கள்.”

இரண்டே நாளில் மைனா கத்திக்கொண்டு வந்தது. “வர்றாங்க! வர்றாங்க! அந்தக் கரிச்சான் முகத்தைப் பார்க்கணுமே! தண்ணின்னு சொன்னதும் மரங்கொத்தி அழுதேவிட்டது! நாலு பாட்டு என்ன, பன்னிரண்டு பாட்டு பாடுறதாச் சோலைபாடியே சொல்லிட்டுது! ஆனா காலி மைதானத்துல பாட மாட்டாங்களாம்!”

“அதை நான் பார்த்துக்கிறேன்!” என்று முயல் துள்ளியது. அன்றைக்கே ஓட ஆரம்பித்தது. பக்கத்து ஓடைக்கு ஓடியது. அதற்கடுத்த தாமரைக்குளத்துக்கு ஓடியது. “உங்க ஊருக்கும் வராது, எங்க ஊருக்கும் வராது. எல்லாரும் ஒரே இடத்துல கூடினா வரும்! வந்துடுங்க!” என்று வீடு வீடாகச் சொன்னது.

அந்த நாளும் வந்தது. அடேயப்பா, என்ன கூட்டம்! காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்தன. ஆமைகள் இரண்டு நாள் முன்னாலேயே நடக்க ஆரம்பித்து வந்து சேர்ந்தன. கீரியும் பாம்பும் சண்டையை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு ஒரே பாறையில் இடம் பிடித்தன. முயல்குட்டிகள் மூன்றும் முன்வரிசையில் நிற்க மாட்டாமல் குதித்தன.

உச்சி வெயிலில் குழு இறங்கியது. குளித்தது, தின்றது, நிழலில் தூங்கியது. வெயில் தாழ்ந்ததும் கரிச்சான் கண்டிப்பாகச் சொன்னது: “அதோ அந்தப் பனையின் தலையைச் சூரியன் தொட்டதும் கிளம்பிடுவோம். இருட்டுறதுக்குள்ளே தங்குற மரத்துக்குப் போகணும். இப்ப ஆரம்பிச்சா பன்னிரண்டு பாட்டுக்கும் நேரம் சரியாயிருக்கும்.”

சோலைபாடி மேடையாகப் போட்டிருந்த கட்டையில் வந்து உட்கார்ந்தது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. அது வாயைத் திறக்கவும் நரி முன்னால் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“முதற்கண் வரவேற்புரை!”

போச்சு! நரி குட்டை தோன்றிய வரலாற்றை ஆரம்பித்தது. தன் தாத்தா இந்தக் கரையில் முதல் வளை தோண்டியதைச் சொன்னது. சோலைபாடியை வரவழைத்தது தானே என்றும் மூன்று முறை சொன்னது. அடுத்து உடும்பு பொன்னாடை போர்த்த வந்தது. பொன்னாடை என்றால் பெரிய தாமரை இலை. சின்னக் குருவி மேல் அதைப் போர்த்தினால் குருவி எங்கே தெரியும்? ஓடைக்காரர்கள் சார்பில் இன்னொரு இலை. குளத்துக்காரர்கள் சார்பில் இன்னொன்று. சோலைபாடி இருந்த இடத்தில் ஓர் இலைக் குவியல்தான் இருந்தது.

“அடுத்து ஆமையார் வாழ்த்துரை வழங்குவார்!”

ஆமை மேடை ஏறவே அரை நாழிகை ஆயிற்று. “பெரி... யோர்... களே...” என்று தொடங்கியது.

சூரியன் பனையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கரிச்சான் இறக்கையை உதறியது. முன்வரிசையில் பெரிய குட்டிமுயல் எரிச்சலோடு தம்பிகளைத் தட்டியது.

“இங்கே பாட்டு நடக்காதுடா! நாளைக்குப் பௌர்ணமி. இப்பவே கிளம்பினா பெருங்காட்டுல போய்க் கேட்டுடலாம். வாங்கடா!”

மூன்றும் கூட்டத்துக்குள் நுழைந்து, புதரைத் தாண்டி, ரோட்டைப் பார்த்து ஓடின.

முயல் பார்த்துவிட்டது. அதற்கு உயிரே போய்விட்டது. விரட்டிப் பிடிக்க முடியாது, குறுக்கே அத்தனை கூட்டம். ஒரே தாவில் மேடையில் போய் விழுந்தது.

“ஆமை ஐயா, மன்னிக்கணும்! நரி அண்ணே, போதும், உட்காருங்க!” என்று அலறியது. தாமரை இலைகளைப் பிய்த்து எறிந்தது. “சாமி, என் பிள்ளைங்க ரோட்டுக்கு ஓடுது! நான் கூப்பிட்டா நிற்காது. நீங்க பாடினா நிற்கும். பாடுங்க சாமி! பாடுங்க!”

சோலைபாடி கரிச்சானைப் பார்க்கவில்லை, யார் உத்தரவையும் கேட்கவில்லை. மேடையை விட்டு எழும்பியது. வேலமரத்து உச்சிக்குப் போயிற்று. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தது. தொண்டையைத் திறந்தது.

அப்பப்பா! அந்தக் குரல் குட்டையைத் தாண்டிப் போயிற்று, புதரைத் தாண்டிப் போயிற்று. மரங்கொத்தி தாளத்தை எடுத்துக்கொண்டது. கொண்டைக்குருவிகள் சேர்ந்துகொண்டன. எருமை அசை போடுவதை நிறுத்திவிட்டது.

ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கிய மூன்று குட்டிகளும் அப்படியே நின்றன. ஆறு காதுகளும் பின்பக்கம் திரும்பின. “டேய்! ஆரம்பிச்சாச்சுடா!” என்று கத்திக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடின. அவை திரும்பிய மறு நொடி ஒரு லாரி தடதடவென்று அந்த இடத்தைக் கடந்து போயிற்று.

குட்டிகள் வந்து மடியில் விழுந்ததும் முயல் அவற்றை அடித்தது, அணைத்தது, மறுபடியும் அடித்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்த ஒரு பாட்டு முடியவும் சூரியன் பனையைத் தொடவும் சரியாக இருந்தது.

“ஐயோ, இன்னொண்ணு! இன்னொண்ணு!” என்று கூட்டம் கெஞ்சியது.

“நேரம் போச்சு!” என்றது கரிச்சான். பிறகு முயல் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டது. “பெருங்காட்டுல நாங்க பாடும்போது பாதிப் பேர் தின்னுக்கிட்டிருப்பாங்க. இங்கே ஒரு தவளைகூட வாயைத் திறக்கலை. அடுத்த வருஷமும் இதே நாள் இறங்குறோம். தண்ணியும் நிழலும் போதும். அந்தத் தாமரை இலை மட்டும் வேண்டாம்!”

குழு பறந்து போயிற்று. கூட்டம் கைதட்டி ஓய்ந்தது. குட்டிகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தன.

“அம்மா, இனிமே ரோட்டுப் பக்கம் போக மாட்டோம். இங்கேயே கேட்டுக்கிறோம். ஆனா பன்னிரண்டு பாட்டுன்னு சொன்னாங்களே, மிச்சம் பதினொண்ணும் எங்கேம்மா?”

முயல் திரும்பி நரியைப் பார்த்தது. எருமை நரியைப் பார்த்தது. அத்தனை கூட்டமும் நரியைப் பார்த்தது. நரி நன்றியுரை சொல்லாமலே மெல்ல வளைக்குள் நுழைந்துகொண்டது.

வருகிறவருக்கு என்ன தேவை என்று அறிந்து அழைத்தால் எவ்வளவு பெரியவரும் நம் வாசலுக்கு வருவார். வந்த பிறகு நம் பெருமையையே பேசிக்கொண்டிருந்தால் அவர் வந்ததன் பலனை நாமே கெடுத்துக்கொள்வோம்.