சொரிமுத்து படகுக்கு வயசு பார்த்த கதை

சொரிமுத்துவின் கல்யாணத்துக்கு ஒரு படகுதான் குறுக்கே நின்றது. பெண் வீடு அணைக்கு அக்கரையில். பெண் பெயர் வடிவு. அவளுக்குச் சொரிமுத்துவை ரொம்பப் பிடித்திருந்தது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், ஊரே கேட்டு அலுத்துவிட்டது.

அவள் அப்பா ஆதிமூலம் காலமெல்லாம் தண்ணீரில் படகு விட்டவர். சொரிமுத்து எங்கிருந்தோ வாங்கி வந்த பழைய அலுமினியப் படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என் மக இதுலதான ஏறி இறங்கணும்? யாரு செஞ்சது, எத்தனை வயசுன்னு பாத்து வெள்ளிக்கிழமை வந்து சொல்லு. தேறும்னா தட்டு மாத்துவோம். இல்லன்னா பொண்ணு கேட்டு வந்த சூளைக்காரர் மகனுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

"எப்படி மாமா கண்டுபிடிக்கது?"

"உள்ளுக்குள்ள பின்பக்கம் ஒரு தகடு அடிச்சிருப்பான். அழுக்கு மூடியிருக்கும். நல்லா தேச்சுப் பாரு, தெரியும்."

சொரிமுத்துவுக்கு இரண்டு கூட்டாளிகள். கூத்தையா யோசிக்கிறவன். மருதப்பன் மாட்டுச் சந்தைக்குப் போய்வருகிறவன், அதனால் உலகம் தெரிந்தவன். மூவரும் படகைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பின்பக்கம்னா எதுலே?" என்று கேட்டான் சொரிமுத்து.

"துடுப்புப் போடுதவன் முதுகுப் பக்கம்" என்றான் மருதப்பன்.

"அவன் முதுகு, படகு போற பக்கம்லா இருக்கு? அப்ப படகு பின்னாடியா போகுது?" என்று கேட்டான் கூத்தையா.

இத்தனை காலமும் அணையில் எல்லாரும் பின்னோக்கியே போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று மூவரும் வருத்தப்பட்டார்கள். அப்புறம் மருதப்பன் இரண்டு முனையிலும் தடவிப் பார்த்து, ஒன்றில் தகட்டைக் கண்டுபிடித்தான்.

புளி போட்டுத் தேய்த்தார்கள். செங்கல்பொடி போட்டுத் தேய்த்தார்கள். அழுக்கு போனதும் தகட்டில் வரிவரியாக எழுத்து தெரிந்தது.

"அழுக்கு உள்ள இறங்கி, எழுத்து மாதிரியே உறைஞ்சிருக்குலே. விடாத" என்றான் கூத்தையா.

மாமா நல்லா தேய்க்கச் சொல்லியிருக்கிறாரே! உப்புத்தாள் வாங்கி வந்து அந்த எழுத்தும் போகிற வரை தேய்த்தார்கள். கடைசியில் திருநீறு போட்டுத் துடைத்தபோது தகடு கண்ணாடியாகப் பளபளத்தது. சொரிமுத்து குனிந்து பார்த்தான்.

"தெரியுதாலே?"

"தெரியுது."

"யாரு?"

"நான்தான்" என்றான்.

கூத்தையா அவனைத் தள்ளிவிட்டுப் பார்த்தான். கூத்தையா தெரிந்தான். மருதப்பன் பார்த்தான். அங்கே அவனும் இருந்தான்.

"அப்ப மூணு பேரும் சேந்துதான் செஞ்சிருக்கோம்" என்றான் கூத்தையா.

"நாம செஞ்சதை ஏம்ல விலைக்கு வாங்குனோம்?" என்று கேட்டான் சொரிமுத்து.

"செஞ்சதை மறந்துட்டோம்லா, அதான்."

இனி வயசு. அதற்கு மருதப்பன் இருந்தான். "எதுக்கும் பல்லைப் பிடிச்சுப் பாக்கணும்" என்று படகின் ஓரத்து ஆணிகளை ஒவ்வொன்றாக ஆட்டினான். ஆடினவற்றைக் குறடு போட்டுப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"பால்பல்லு. எங்க அக்கா மகனுக்கும் இப்பத்தான் விழுது. ஏழு வயசு, சந்தேகமே இல்ல."

வெள்ளிக்கிழமை மூவரும் படகிலேயே கிளம்பினார்கள். பல் விழுந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்தது. ஒருவன் துடுப்புப் போட, இரண்டு பேர் சட்டியால் இறைத்து இறைத்து, இடுப்பு வரை நனைந்து அக்கரை சேர்ந்தார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் நனைந்தது உறைக்கவில்லை.

"வயசு ஏழு மாமா. செஞ்ச ஆளு தகட்டுலயே இருக்கு, நீங்களே பாருங்க" என்றான் சொரிமுத்து.

ஆதிமூலம் குனிந்தார். "எழுத்தையே காணுமேடா?"

"எழுத்தை விடுங்க. ஆளு தெரியுதா?"

"என் மூஞ்சிதான் தெரியுது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாமாவா!" என்றான் மருதப்பன்.

கூத்தையா கண்ணை மூடி யோசித்தான். "ஏல சொரிமுத்து, செஞ்சவரு பெத்தவரு மாதிரி. அப்ப படகு மாமா பிள்ளை. வடிவுக்கு ஏழு வயசுத் தம்பி."

"ஆமா."

"அதைக் குளிப்பாட்டி, துடைச்சு, இப்ப வளக்கது யாரு?"

"நான்."

"வளக்கவன் அப்பன்தான? தம்பிக்கு நீ அப்பன்னா, அக்காளுக்கு?"

சொரிமுத்துவின் முகம் செத்துவிட்டது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த வடிவு பொறுக்க மாட்டாமல் வெளியே வந்தாள்.

"அப்பா, படகு எப்படியோ போகட்டும். கட்டுனா இவரைத்தான் கட்டுவேன்."

ஆதிமூலம் மகள் முகத்தைப் பார்த்தார். அவளிடம் அவர் என்றைக்கு ஜெயித்திருக்கிறார்? "சரிட்டி, என் படகுல போய்க்கோ. தட்டை எடுத்துட்டு வா, மாத்திருவோம்" என்றார்.

சொரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வடிவின் தலையில் கை வைத்தான்.

"முறை தப்பும்மா. அப்பா சொன்னாக் கேக்கணும்."

பிறகு ஈர வேட்டியோடு போய் ஆதிமூலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான். பெருமூச்சு விட்டான்.

"அந்தச் சூளைக்காரர் மகன் ஆளு எப்படி? நாம ரெண்டு பேருந்தான் விசாரிக்கணும். வயசுக்கு வந்த பிள்ளையை வீட்டுல வச்சுக்கிட்டு உங்களுக்கு எப்படி அண்ணாச்சி தூக்கம் வருது?"