பாகற்கொடி குடித்த கசப்பு

பாகற்காயைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? கூடப் படர்கிற சுரைக்காயும் வெள்ளரியும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி வழவழவென்று இருக்க, இது மட்டும் ஏன் கொதிக்கிற குழம்பை யாரோ அப்படியே நிறுத்திவைத்தது போல மேலெல்லாம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது? அந்தக் கதை நம் ஊரில் நடக்கவில்லை. கடலைத் தாண்டிச் சீன தேசத்துக்குப் போகவேண்டும்.

அந்தக் காலத்தில் செடி கொடியெல்லாம் பேசும். மனிதர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பேசும். சீன தேசத்தின் தெற்கே, மூங்கில் மலைக்கும் தாமரைக் குளத்துக்கும் நடுவில் ஓர் ஊர். அங்கே ஷூலான் என்று ஒருத்தி இருந்தாள். பட்டுக்கூடுகளை வெந்நீர்க் கொப்பரையில் மிதக்கவிட்டு நூல் பிரித்தெடுப்பது அவள் வேலை. ஆவிக்கு நடுவிலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதால் அவளைத் தூரத்திலிருந்து பார்த்தால் மேகத்துக்குள் யாரோ பாடிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அவள் புருஷன் காவ்மின் வயல் வேலைக்குப் போவான். ஒரே பெண், நாலு வயது, பெயர் யூயூ.

வீட்டுக் கொல்லையில் ஒரு பாகற்கொடி படர்ந்திருந்தது. அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. தேன்காய் என்றுதான் கூப்பிடுவார்கள். பச்சைக் கல்லைத் தேய்த்து மெருகேற்றிய மாதிரி அதன் காய் மினுங்கும். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். கடித்தால் தேன். யூயூ காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் கொல்லைக்கு ஓடுவாள். காயின் மேல் கன்னத்தை வைத்து, “அக்கா, நல்லாத் தூங்கினியா?” என்பாள்.

“நான் தூங்கினேன். உன் வாயோரம் இன்னும் எச்சில் காயவில்லை, போய்க் கழுவு” என்று கொடி சொல்லும்.

இரண்டு பேருக்கும் அதுதான் ஒரு நாளின் ஆரம்பம்.

கோடை என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பறவை. நெருப்பு நிறத்தில், மயில் அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு வருஷமும் தெற்கேயிருந்து வந்து மூங்கில் மலையின் உச்சியில் உட்காரும். அது சிறகை விரித்தால் நெல் முற்றும், பழம் பழுக்கும். தொண்ணூறு நாள் இருந்துவிட்டுக் கிளம்பிப் போகும். யாரும் அதைத் திட்டியதில்லை. வந்தால்தானே சாப்பாடு.

அந்த வருஷம் மூங்கிலெல்லாம் ஒன்றாகப் பூத்தது. பூத்தால் மூங்கில் செத்துப்போகும். பறவை வந்து பார்த்தால் மலை மொட்டையாகக் கிடக்கிறது, உட்காரக் கிளை இல்லை. ஊரைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. ஒரு கொல்லையிலிருந்து தேன் வாசனை வந்தது. கீழே இறங்கியது. அங்கே தேன்காயைச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி யூயூ மதியத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். பறவை தன்னைச் சின்னதாக, ஒரு தீப்பொறி அளவுக்குச் சுருக்கிக்கொண்டு உள்ளே போய், அவள் நெஞ்சில் கூடு கட்டிக்கொண்டது.

அன்றைக்குச் சாயங்காலமே குழந்தைக்கு முகம் சிவந்துபோனது. படுத்தால் தூக்கம் இல்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை. நாக்கு நுனி மாதுளை முத்து மாதிரி சிவந்திருந்தது. ஒன்றுமில்லாததுக்கெல்லாம் அழுதாள். ஷூலான் அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே படபடவென்று சிறகு அடிக்கும் சத்தம்.

“ஏங்க, இங்க வந்து கேளுங்க.”

காவ்மின் கேட்டான். அவன் முகம் வெளிறிப்போனது. “சூடு உள்ள போயிருச்சு. குளிரை உள்ள அனுப்பினா சூடு வெளிய வந்துதானே ஆகணும்?” என்றான்.

அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். பனிக்காலத்தில் குளத்தில் உறையும் பனிக்கட்டியை வெட்டி, வைக்கோலில் சுற்றி, மலையடிவாரத்தில் குழிக்குள் புதைத்துவைப்பார்கள். வெயிலில் வேர்த்து வந்ததும் அதைத் தோண்டி எடுத்து நறநறவென்று கடிப்பார்கள். காவ்மின் ஓடிப்போய்த் தலையளவு பனிக்கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இடித்து, தேன்காய்ச் சாற்றை ஊற்றி, கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தார்கள். யூயூ ஆசையாகச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் குழந்தை இன்னும் மோசமாகிப்போனாள். நெஞ்சு கொதித்தது, வயிறோ சில்லிட்டுக் கிடந்தது. கஞ்சி கொடுத்தால்கூட அப்படியே வெளியே வந்தது. வயிற்றுக்குள் ஒரு சின்ன அடுப்பு எரியுமே, அதைப் பனிக்கட்டி அணைத்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் பிள்ளை தங்கமாட்டாள் என்று ஷூலானுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் பனிக்கட்டிக் கிண்ணத்தை வாசலில் கொட்டினாள். பாசிப்பயற்றை வேகவைத்து, அந்தத் தண்ணீரை இளஞ்சூடாகக் கரண்டியில் எடுத்து ஊட்டினாள். அது உள்ளே நின்றது. அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது. ஆனால் சிறகுச் சத்தம் நிற்கவில்லை. குழந்தையின் நெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

“இங்க பாரு, நீ உள்ள இருக்கிறது எனக்குத் தெரியும். எத்தனை நாளைக்கு இருக்கப்போறே?”

“தொண்ணூறு நாள்” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கொட்டாவி விட்டது. “நல்ல இடம். மெத்துமெத்தென்று, இனிப்பாக இருக்கிறது. ஆனால் நீங்கள் பனிக்கட்டியைக் கொட்டும்போதுதான் குளிர் தாங்கவில்லை. அதற்காகத்தான் இன்னும் உள்ளே தள்ளிப் படுத்திருக்கிறேன்.”

ஷூலானுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு, “உனக்குப் பிடிக்காதது எதுவுமே கிடையாதா?” என்று சாதாரணமாகக் கேட்டாள்.

பறவை அரைத்தூக்கத்தில் உளறிவிட்டது. “கசப்பு. ஒரு வாய் பட்டால்கூட இருக்கமாட்டேன். ஆனால் அது உங்களிடம் ஏது!” என்று சொல்லிச் சிரித்தது.

அது சொன்னது நிஜம். உலகத்தில் சுவைகளைப் பங்கு போட்ட அன்று எல்லாச் செடியும் இனிப்புக்கு முண்டியடித்தன. புளிப்பும் காரமும்கூடப் போய்விட்டன. கசப்பை மட்டும் யாரும் தொடவில்லை. அது மண்ணுக்குள் இறங்கி, ஷூலானின் கொல்லைக் கிணற்றுக்கு அடியில் கறுப்பாகத் தேங்கிக் கிடந்தது. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் மனிதர்கள் எட்டமுடியாத ஆழம். வேர்தான் போகவேண்டும்.

ஷூலான் கொல்லைக்குப் போய், கிணற்றடிக் கசப்பைக் குடித்துக் காயில் ஏற்றித் தரமுடியுமா என்று ஒவ்வொரு கொடியிடமும் கேட்டாள்.

“நானா!” என்றது தர்ப்பூசணி. “என்னை வெட்டினால் வீடே சிரிக்கிறது. என்னைப் போய் அழவைக்கச் சொல்கிறாயே.”

சுரைக்காய், “என்னைக் காயவைத்துத் தண்ணீர்க் குடுக்கையாக்குகிறார்கள். கசந்தால் ஊரில் ஒருத்தரும் தண்ணீர் குடிக்க முடியாது” என்றது.

வெள்ளரி ரொம்ப நேரம் நெளிந்துவிட்டு, “வேண்டுமானால் தலைப்பக்கம் மட்டும் ஒரு சொட்டு வாங்கிக்கொள்கிறேன்” என்றது. ஒரு சொட்டு எந்த மூலைக்கு?

கடைசியாகத் தேன்காயின் முன்னால் வந்து நின்றாள். அதனிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கொடியே பேசியது.

“மூன்று நாளாகக் குழந்தை வரவில்லை.”

“எழுந்திருக்க முடியல.”

“நான் குடித்தால் எப்படி ஆவேன்?”

“தெரியாது. இதுவரைக்கும் யாரும் குடிச்சதில்ல.”

“பிறகு அவள் வந்து என் மேல் கன்னம் வைப்பாளா?”

ஷூலான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “வைக்கமாட்டாள்னுதான் நினைக்கிறேன்.”

ஒரு தேனீ வந்து மஞ்சள் பூவில் உட்கார்ந்தது. பிறகு எழுந்து போனது. வெயிலில் கொல்லையே மிதக்கிற மாதிரி இருந்தது.

“சரி” என்றது கொடி. “என் இனிப்பைத் தொலைக்கமாட்டேன், விதையைச் சுற்றிச் சிவப்பாக ஒளித்துவைத்துக்கொள்வேன். யாராவது பழுக்கிறவரைக்கும் பொறுத்திருந்தால் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம், கசப்பு என்னோடு இருக்கும். கூட வேகிற எதற்கும் அதைக் கொடுக்கமாட்டேன்.”

அப்படிச் சொல்லிவிட்டு வேரைக் கீழே விட்டது. மண்ணைத் தாண்டி, கல்லைத் தாண்டி, கிணற்றின் அடியையும் தாண்டி இறங்கியது. கசப்பைத் தொட்டதும் கொடி முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. மடக் மடக்கென்று குடித்தது. அந்த வேகத்தில் காயின் மினுமினுப்பான தோல் கொதித்தது, குமிழ் குமிழாகப் பொங்கியது. பொங்கியது பொங்கியபடியே நின்றுபோனது. ஷூலான் இரண்டு கையாலும் அந்தக் காயைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், பிரசவ வலியில் இருக்கிறவளின் கையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. எல்லாம் அடங்கியதும் கொடி, “பறித்துக்கொள்” என்றது.

ஷூலான் அதை மெல்லியதாக அரிந்து, உப்புப் பிசறி, வாணலியில் வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றினாள். சூடு ஆறி இளஞ்சூடானதும் எடுத்துப் போனாள்.

யூயூ ஒரு துண்டை வாயில் வைத்த வேகத்தில் துப்பினாள். “சீ! அம்மா, இது கெட்டுப்போச்சு!”

“கெட்டுப்போகல, கண்ணு. இப்படித்தான் இருக்கும்.”

“பொய். நீ தின்னு பாப்போம்.”

ஷூலான் தின்றாள். அவளும் அதுவரை கசப்பை அறிந்தவள் இல்லை. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது, மூக்கு சுருங்கியது, வாய் ஒரு பக்கமாகக் கோணிப்போனது. நாலு நாளாகச் சிரிக்காத குழந்தை அதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் வாய் திறந்ததா, ஷூலான் ஒரு துண்டை உள்ளே வைத்துவிட்டாள். யூயூவின் முகமும் அதே மாதிரி கோணியது. ஆனாலும் முழுங்கிவிட்டாள். இப்போது அம்மா சிரித்தாள்.

உள்ளே ஒரே கூச்சல். “என்ன இது! யார் வீட்டுச் சமையல் இது! தூ, தூ!” யூயூவுக்கு ஒரு பெரிய ஏப்பம் வந்தது. அதோடு தீப்பொறி ஒன்று வாயிலிருந்து தெறித்து, கூரைக்குக் கீழே பறவையாக விரிந்து, சிறகை உதறியது. குழந்தையின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை அரும்பியது. நாலு நாளில் அதுதான் முதல் வேர்வை.

“விருந்தாளியை இப்படியா நடத்துவாய்?” என்றது பறவை.

“விருந்தாளின்னா வாசல் வழியா வரணும்” என்றாள் ஷூலான். “நீ வராம நெல்லு விளையாது, எனக்குத் தெரியும். வருஷா வருஷம் வா. மூங்கில் முளைக்கிற வரைக்கும் குளத்தங்கரைக் கற்பூர மரத்தில உக்காந்துக்கோ. நெஞ்சுக்குள்ள மட்டும் வராதே. வந்தா வாணலி தயாரா இருக்கும்.”

பறவை நாக்கைத் துடைத்துக்கொண்டே கற்பூர மரத்துக்குப் பறந்து போனது. யூயூ அம்மா மடியிலேயே தூங்கிப்போனாள். வாயை மூடிக்கொண்டு தூங்கினாள்.

நாலைந்து நாளில் தெம்பு வந்து கொல்லைக்கு ஓடினாள். கொடிக்கு முன்னால் போனதும் நின்றுவிட்டாள். சொரசொரவென்று தொங்கிய காயைப் பார்த்தாள். வாய்க்குள் அந்தக் கசப்பு ஞாபகம் வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு தர்ப்பூசணிப் பக்கம் திரும்பி ஓடிவிட்டாள்.

ஷூலானுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அடியே, இங்க வா! உனக்காக இது என்ன பண்ணிச்சு தெரியுமா? வந்து ஒரு வார்த்தை...”

“வேண்டாம், ஷூலான்” என்றது கொடி. ரொம்ப மெதுவாகச் சொன்னது. “கசந்தால் முகம் சுளிக்கத்தான் செய்யும். சுளிக்கிற அளவுக்கு அவளுக்குத் தெம்பு வந்திருக்கிறதே. என்னைப் பார்த்து எந்தக் குழந்தை முகம் சுளித்தாலும் அதட்டாதே. மற்ற அம்மாக்களிடமும் சொல்லிவை.”

ஷூலான் ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். அந்த ஊர்ப் பெண்கள் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர்களிலும் சொன்னார்கள்.

அன்று முதல்தான், வெயில் ஏறினால் அந்தத் தேசத்து வாணலிகளில் பாகற்காய் விழுகிறது. பிள்ளைகள் மூக்கைச் சுருக்கும்போது அம்மாக்கள் அதட்டுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்கிறார்கள்: “முகத்தை எவ்வளவு வேணும்னாலும் சுளிச்சுக்கோ, கண்ணு. இந்த ஒரு துண்டை மட்டும் முழுங்கிடு.”