பிச்சைக்கனி பிச்சைக்கனியைப் பார்க்கப் போன கதை

கருங்காலிப்பட்டிக்கு எப்படிப் போவது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே வெளியூர் போய்விட்டுத் திரும்பும்போது யாரிடமாவது வழி கேட்டுத்தான் வீடு வந்து சேருகிறார்கள். மற்றபடி தங்கமான மனிதர்கள். நீங்கள் ஒன்று சொன்னால் அதைச் சொன்னபடியே செய்வார்கள், கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள்.

அந்த ஊரில் பிச்சைக்கனி, சொரிமுத்து, ஆவுடையப்பன், மாசானம் என்று நாலு கூட்டாளிகள். நாலு பேரும் பக்கத்து ஊர் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சித்திரை மாதம் அங்கே லேபிள் ஒட்ட ஒரு மெஷின் வந்தது. இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மூன்று பேருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. பிச்சைக்கனிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவன் மாமன் கொம்பையா தன் மகள் வடிவை அவனுக்குக் கொடுப்பதாக இருந்தார். வேலை போனது தெரிந்ததும் வீடு தேடி வந்து சொல்லிவிட்டார்.

"ஏலே, ஆடி முடியுறதுக்குள்ள ஒரு வேலை பாத்துட்டேன்னா ஆவணி மொத முகூர்த்தத்துல கல்யாணம். இல்லேன்னா கயத்தாத்து மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன். பெறவு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

வடிவு தனியாகப் பார்த்தபோது இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "அத்தான், மாடு மேய்க்கிற வேலைன்னாலும் சரி, சேந்துருங்க."

பிச்சைக்கனிக்கு அவள் மேல் உயிர். அன்றைக்கே கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான். அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஜெபமணி அக்காவிடம்தான் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாம் வேலைக்கு விண்ணப்பம் போடுவார்கள். அவள் நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். விண்ணப்பத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

"பேப்பர் போட்டா உங்களுக்கு வேலை வராது தம்பி. ஆளு பழக்கத்துலதான் வரும். நாலு பெரிய மனுஷங்களைப் போய்ப் பாருங்க. எடுத்த எடுப்புலயே வேலை கேட்டு நிக்காதீங்க, மூஞ்சி சுளிப்பாங்க. யோசனை மட்டும் கேளுங்க. எந்திரிச்சு வரும்போது, இன்னும் யாரைப் பாக்கலாம்னு கேட்டுப் பேரு வாங்கிக்கிடுங்க. வாங்குன பேருல ஒண்ணைக்கூட விடாதீங்க. முக்கியமா, போறதுக்கு முந்தி போன் பண்ணிட்டுப் போங்க."

மாசானம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். அவர்களுக்குள் எழுதுவது மாசானம், படிப்பது ஆவுடையப்பன், பேசுவது சொரிமுத்து. பிச்சைக்கனிக்குக் கவலைப்படுவதே முழுநேர வேலையாக இருந்தது.

முதலில் எண்ணெய் மில் முதலாளிக்குப் போன் பண்ணிவிட்டுப் போனார்கள். அவர் நாலு பேரையும் பார்த்து முகம் மலர்ந்தார். அவரிடம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நாலு பேர் முந்தின நாள்தான் கேரளாவுக்குப் போயிருந்தார்கள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. நாளைக்கே வேலைக்கு வந்துருங்க" என்றார்.

சொரிமுத்து பதறிப்போய் எழுந்து நின்றான். "மொதலாளி, எங்களைத் தப்பா நெனச்சுட்டீங்க. நாங்க அப்பிடிப்பட்ட ஆளுங்க இல்ல. யோசனைக்குத்தான் வந்தோம்."

"என்ன யோசனை?"

"வேலை கிடைக்க என்ன பண்ணலாம்னு."

முதலாளி, மூட்டை தூக்கக் கூச்சப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "சரிப்பா, ரெண்டு பேரு எடை போடுங்க, ரெண்டு பேரு கணக்கு எழுதுங்க" என்றார். பிச்சைக்கனியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனிதர் ஏன் இப்படிச் சோதிக்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. இரண்டு பேர் பெயரை வாங்கிக்கொண்டு நாலு பேரும் அவசரமாக வெளியே வந்தார்கள்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் மூச்சு வந்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்திருந்தா வேலையைக் குடுத்திருப்பாரு" என்றான் ஆவுடையப்பன்.

"குடுத்திருந்தா அக்கா மூஞ்சியில எப்பிடி முழிக்க?" என்றான் மாசானம்.

மில் முதலாளி சொன்ன இரண்டு பேரில் ஒருவர் லாரி புக்கிங் ஆபீஸ்காரர். அவரும் வேலை தருகிறேன் என்றார். இப்போது இவர்களுக்குப் பழகிவிட்டது. "அந்தப் பேச்சே வேண்டாம்ணே" என்று சொரிமுத்து முதலிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். இன்னொருவர் உரக்கடைக்காரர். அவர் வேலை என்று வாயெடுத்ததும் மாசானம் இருமத் தொடங்கினான், பேச்சு மாறும்வரை நிறுத்தவில்லை.

ஆளுக்கு இரண்டு பெயர் வீதம் நோட்டு நிறைந்துகொண்டே போனது. ஆனி போய் ஆடி பிறந்தது. ஐம்பது பேரைப் பார்த்துவிட்டார்கள். அதில் பதினேழு பேர் வேலை தருகிறேன் என்று சொல்லி, பதினேழு தடவையும் தப்பித்தாயிற்று. எல்லோரும் இவர்களைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். முக்கியமாக, ஒன்றுமே பேசாமல் கண் கலங்க உட்கார்ந்திருந்த பிச்சைக்கனி பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று பேச்சாகிவிட்டது.

ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது செங்கல் சூளைக்காரர் ஒருவரைப் பார்த்தார்கள். வழக்கம்போல் சொரிமுத்துதான் பேசினான். கடைசியில் பெயர் கேட்டான்.

சூளைக்காரர் யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சு இந்த வட்டாரத்துல எல்லாரையும் பழக்கம் பண்ணி வச்சிருக்கிறது ஒரே ஆளுதான். கருங்காலிப்பட்டி பிச்சைக்கனின்னு சொல்லுதாங்க. நான் நேர்ல பாத்ததில்ல. அவரைப் பாத்தீங்கன்னா உங்க காரியம் முடிஞ்சிரும்."

மாசானம் எழுதிக்கொண்டான்.

வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் நாலு பேரும் நின்றார்கள். விஷயம் பெரியது, நின்றபடி பேச முடியாது என்று உட்கார்ந்தார்கள்.

"கருங்காலிப்பட்டியில எத்தனை பிச்சைக்கனி இருக்காங்க?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"ஒருத்தர்தான்" என்றான் பிச்சைக்கனி.

"அவரை உனக்குப் பழக்கமா?"

பிச்சைக்கனி நன்றாக யோசித்துச் சொன்னான். "பழக்கந்தான். ஆனா வேலை விஷயமா இதுவரைக்கும் பேசினதில்ல."

"பேசித்தான் ஆகணும். ஒரு பேரைக்கூட விடக்கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கா" என்றான் மாசானம். "மொதல்ல போனைப் போடு."

பிச்சைக்கனி தன் போனை எடுத்துத் தன் நம்பரைப் போட்டான். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. மூன்று தடவை போட்டான். மூன்று தடவையும் அதேதான்.

"எப்பேர்ப்பட்ட ஆளு பாத்தியாலே. போனைக் கீழ வைக்க நேரமில்ல" என்றான் சொரிமுத்து.

பிறகு மாசானம் தன் போனில் கூப்பிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிச்சைக்கனி எடுத்தான்.

"அண்ணாச்சி, கருங்காலிப்பட்டியில இருந்து நாலு பேரு உங்களைப் பாக்க வரணும்."

"யாரு யாரு?"

"சொரிமுத்து, ஆவுடையப்பன், மாசானம், பிச்சைக்கனி."

"பிச்சைக்கனியா? அவனைத் தெரியும், நல்ல பையன். மாமன் மகளைக் கட்டணும்னு துடியா துடிக்கான். ஆடி கடைசி நாள் காலையில பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க."

போனை வைத்ததும் பிச்சைக்கனிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாளில் தன் மனதை இப்படிப் புரிந்துகொண்டு பேசியவர் வேறு யாரும் இல்லை.

ஆடி கடைசி நாள் பிச்சைக்கனி வீட்டைப் பெருக்கி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, எதிரே பாய் விரித்தான். பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று பேர் வந்து, நாலாவது ஆளுக்கு இடம் விட்டுப் பாயில் உட்கார்ந்தார்கள்.

"நாலு பேருன்னுல்லா சொன்னீங்க? பிச்சைக்கனி எங்க?" என்றான் பிச்சைக்கனி.

"தெரியல அண்ணாச்சி. காலையில இருந்து ஆளையே காணோம்."

"வேலை தேடுறவன் நேரத்துக்கு வரவேண்டாமா?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு, பிச்சைக்கனி இறங்கி ஓடிப்போய்ப் பாயில் உட்கார்ந்தான். "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, வீட்டைப் பெருக்கிக்கிட்டு இருந்தேன்." பிறகு மறுபடி நாற்காலிக்குப் போய், "சரி, பரவாயில்ல" என்றான்.

இப்படி அங்கும் இங்குமாகப் போய் வந்து, வியர்க்க வியர்க்க யோசனை கேட்டான், யோசனை சொன்னான். அவன் நாற்காலியில் இருந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது கொம்பையா மாமன் உள்ளே வந்தார். அவரும் கருங்காலிப்பட்டிதான் என்பதை நான் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"என்னலே இது?"

"வேலை விஷயமா யோசனை கேக்க ஆளு வந்திருக்காங்க மாமா" என்றான் நாற்காலியில் இருந்து.

மாமன் திகைத்துப் போனார். "ஒன்கிட்டயா? தேடியா வந்திருக்காங்க?"

"போன் பண்ணிட்டு வந்தாங்க."

"தேடி வந்து கேக்காங்கன்னா ஒனக்கு வேலை இல்லாமலா இருக்கும்? இதைச் சொல்லாம இருந்துட்டியே!" என்று மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆனா பாயில ஒரு இடம் காலியா இருக்கே, அது யாருக்கு?"

"பிச்சைக்கனிக்கு" என்றார்கள் மூன்று பேரும்.

"அவனுக்கு வேலை கிடைச்சிட்டா?"

பிச்சைக்கனிக்குப் பொய் சொல்ல வராது. இறங்கிப் பாயில் போய் உட்கார்ந்து, "இன்னும் இல்ல மாமா" என்றான்.

மாமன் நாற்காலியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். மகள் வாழ்க்கை, விளையாட்டில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டுத் தீர்மானமாகச் சொன்னார்.

"என் மகளை நாற்காலியில இருக்கிறவனுக்குத்தான் குடுப்பேன். பாயில இருக்கிறவன் மனசுல ஆசையை வளத்துக்கிட வேண்டாம்."

அதைக் கேட்டபோது அவன் இருந்தது பாயில் அல்லவா? பிச்சைக்கனி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். "ஆறு வருஷமா நான் ஆசைப்பட்டது மாமா. நேத்து வந்தவன் கொத்திட்டுப் போறானே!"

"விடு மக்கா. அண்ணாச்சி நல்லவரு. வடிவை நல்லபடியா வச்சுக்கிடுவாரு" என்று சொரிமுத்து முதுகைத் தடவிக் கொடுத்தான்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. நோட்டில் இருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மணையில் உட்காரச் சொன்ன ஐயரிடம் மாமன் ஒரே பிடியாக நின்று மாப்பிள்ளைக்கு நாற்காலி போட வைத்தார். பெரிய அகலமான நாற்காலி. வடிவு பக்கத்தில் மணையில் உட்கார்ந்து, எது எப்படியோ தாலி ஏறினால் சரி என்று இருந்தாள்.

தாலி கட்டி முடித்ததும் பிச்சைக்கனி வாசலையே எட்டி எட்டிப் பார்த்தான்.

"யாரைத் தேடுதீங்க அத்தான்?"

"அந்தப் பாய்ல இருந்த பையன் வந்திருக்கானான்னு பாக்கேன். பாவம், ரொம்ப ஆசைப்பட்டான்."

"அவன் இங்கதான் இருக்கான். பேசாம உக்காருங்க" என்றாள் வடிவு.

பிச்சைக்கனி சட்டென்று நாற்காலியில் ஒரு ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டான்.