கல்லுக்கு மாட்டிய சட்டை

“கழட்டுங்கண்ணே” என்றாள் பிலோமினா.

“முடியாது” என்றார் தணிகைவேல். பல் தந்தியடித்ததால் அது “மு… முடியாது” என்றுதான் வந்தது.

மலையில் பாதிகூட ஏறவில்லை. ஏறும்போது அந்தத் தடிச் சட்டை வேண்டாம், பைக்குள் வையுங்கள் என்று கிளம்பும்போதே அவள் சொல்லியிருந்தாள். அவர் கேட்கவில்லை. அவர் ராணிப்பேட்டைக்காரர், அந்த வெயிலில் வளர்ந்த உடம்பு. கொடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஸ்வெட்டர், அதற்கு மேல் மெத்தை மாதிரி ஒரு ஜாக்கெட், மஃப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் ஏறிவிட்டன. அத்தனையும் மாட்டிக்கொண்டு மலை ஏறினால் வேர்க்காமல் என்ன செய்யும்? பனியனைப் பிழிந்தால் ஒரு சொம்பு வரும். மூச்சு வாங்க உட்கார்ந்தார். காற்று அடித்தது. உள்ளே இருந்த வேர்வை எல்லாம் பச்சைத் தண்ணீராகிவிட்டது.

“நனைஞ்ச துணிக்குள்ள உக்காந்துகிட்டு குளிருது குளிருதுன்னா எப்படிண்ணே? கழட்டிட்டு இந்தக் காஞ்ச சட்டையைப் போடுங்க.”

“கழட்டுனா இன்னும் குளிருமே மாஸ்டர்.”

“கொஞ்ச நேரம் குளிரும். அப்புறம் குளிராது.”

கழட்டினார். கொஞ்ச நேரம் குளிர்ந்தது. அப்புறம் குளிரவில்லை. அவள் சொன்னபடியே ஆனது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பிலோமினாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனால் மலையேறக் கற்றுக்கொடுப்பவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். முதல் நாள் காலில் விழக்கூடப் பார்த்தார். அவள் துள்ளித் தள்ளி நின்றுவிட்டாள். அன்றிலிருந்து அவர் மாஸ்டர் என்பார், அவள் அண்ணே என்பாள்.

“அப்ப நான் ஜெயக்கொடியைக் கூட்டிட்டு வரலாமா மாஸ்டர்?”

“இப்படி ஏறுனா வேணாம்ணே. நீங்களே நடுங்குறீங்க. அவங்களை யாரு பாக்குறது?”

தணிகைவேலுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

ஜெயக்கொடி அவர் மனைவி. கீழே லாட்ஜில் போர்வைக்குள் இருக்கிறாள். வயிற்றில் ஒரு ஆபரேஷன், அதற்கப்புறம் உடம்பில் ரத்தம் இல்லை என்று ரெண்டு வருஷம் படுக்கை. படுத்தால் ஜன்னல் தெரியும், ஜன்னலில் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும், அவ்வளவுதான். ராணிப்பேட்டை வெயிலிலும் குளிருது என்பாள். தோல் கம்பெனி வேலையை முடித்துவிட்டு ஓடி வந்து அவர்தான் எல்லாம் பார்த்தார். சோறு ஊட்டினார். தலை வாரினார். இப்போது அவளுக்குப் பரவாயில்லை. நன்றாக நடங்கள் என்று டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகிறது. அதை வீட்டுக்குள்ளே என்று தணிகைவேல் எடுத்துக்கொண்டார்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஒரு மலை மேல ஏறி நின்னு, அந்தப் பக்கம் என்னா இருக்குன்னு பாக்கணுங்க.”

அதற்காகத்தான் இந்த மனிதர் இந்த வயதில் மலையேறப் படிக்கிறார்.

மறுநாள் ஜெயக்கொடியையும் அழைத்துக்கொண்டு பிலோமினாவின் அறைக்கு வந்தார். சுவர் முழுக்கக் கயிறு தொங்கியது. இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து, அதில் தன் துண்டை விரித்து, அவளை உட்கார வைத்தார்.

“மாஸ்டர், சட்டைதான் பிரச்சனை. என்னை விடுங்க, இவளுக்கு ஒண்ணு சொல்லுங்க. இருக்கறதுலயே தடியானது எது?”

பிலோமினா மெலிசாக, பஞ்சுப் போர்வைத் துணி மாதிரி, ஜிப் வைத்த ஒரு ஃப்ளீஸ் ஜாக்கெட்டை எடுத்து அவர் கையில் போட்டாள். நீல நிறம். துவைத்த பூனைக்குட்டி மாதிரி எடையே இல்லாமல் இருந்தது.

“வாயில வெச்சு ஊதுங்க.”

ஊதினார். காற்று அந்தப் பக்கம் போய்விட்டது.

“என்னா மாஸ்டர், ஓட்டை.”

“ஓட்டை இல்ல. உங்க மூச்சு போற மாதிரி வேர்வையும் போயிரும். ஏறும்போது உடம்பு நனையாது.”

“காத்து உள்ள வருமே.”

“பலமா காத்தடிச்சா மேல மெலிசா ஒரு மழைச்சட்டை. அவ்வளவுதான். அக்கா, நீங்க எந்திரிச்சு இதைப் போட்டு ரெண்டு கையையும் தூக்குங்க. கொடியில துணி காயப்போடுற மாதிரி.”

ஜெயக்கொடி எழுந்தாள்.

“பாத்து, பாத்து. ரொம்பத் தூக்காத” என்றார் தணிகைவேல்.

அவள் போட்டுக்கொண்டு நன்றாகத் தூக்கினாள். சட்டை இடுப்பை விட்டு மேலே ஏறவில்லை. தோளிலும் இறுக்கவில்லை.

“பாறையில கை வெச்சு ஏறணும்னா இப்படித்தான் இருக்கணும்” என்றாள் பிலோமினா. “இப்ப நீங்க உங்க மெத்தையைப் போட்டுட்டுத் தூக்குங்கண்ணே.”

அவர் தூக்கினார். பாதியில் கை நின்றுவிட்டது, தொப்பை மட்டும் வெளியே வந்தது.

“கண்ணு, அவரைத் தொந்தரவு பண்ணாத” என்றாள் ஜெயக்கொடி. “உள்ள இருக்கறது குளிரட்டும்னு கதவைத் தொறந்து வெச்சிருக்காரு.”

பிலோமினா சிரித்துவிட்டாள். தணிகைவேல் சிரிக்கவில்லை. நீலச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயுசு பூராவும் தோலைத் தடவித் தடவி கனம் பார்த்த விரல். அதற்கு இது ஒரு பொருளாகவே படவில்லை.

“இதுல ஒண்ணுமே இல்லையே மாஸ்டர். இது எப்படி சூடு கொடுக்கும்?”

பிலோமினா வாசலுக்குப் போய் ஒரு கல்லை எடுத்து வந்தாள். தேங்காய் அளவு இருந்தது. பனியில் கிடந்த கல், தொட்டால் சுட்டது, அப்படி ஒரு குளிர்ச்சி.

“இதுக்குச் சட்டையை மாட்டி வைங்க. காலையில இது சூடாயிருக்கான்னு சொல்லுங்க.”

குருவே சொன்ன பிறகு மறுப்பது எப்படி? வாங்கிக்கொண்டு போனார்.

காலையில் ஜெயக்கொடி கண் விழித்தபோது கட்டிலில் அவர்கள் இருவருக்கும் நடுவில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கல் படுத்திருந்தது. கழுத்தில் மஞ்சள் வேறு. புதுத்துணி என்றால் மஞ்சள் வைக்காமல் உடுத்தக் கூடாது என்பது அவர் வழக்கம், அது கல்லுக்கு என்றாலும்.

“யாருங்க இவ?” என்றாள்.

“மாஸ்டர் கொடுத்தாங்க.”

“மஞ்சள் வெச்சாச்சு, புதுத்துணி போட்டாச்சு, பக்கத்துல படுக்கவும் வெச்சாச்சு. தாலி ஒண்ணுதான் பாக்கி.”

“சும்மா இரு” என்று சட்டைக்குள் கை விட்டுப் பார்த்தார். கல் சில்லென்று இருந்தது.

தூக்கிக்கொண்டு பிலோமினாவிடம் போனார்.

“சூடாகல மாஸ்டர்.”

“ஏன்?”

“கல்லுல ஏது சூடு?”

“சட்டையில?”

யோசித்தார். “அதுலயும் இல்ல போல.”

“அப்ப எங்க இருக்கு?”

“போட்டுக்கறவங்ககிட்ட. சட்டை அதைப் புடிச்சு வெக்குது, அவ்வளவுதான்.”

பிலோமினா குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். “வாங்க, அக்காவையும் கூப்பிட்டுக்குங்க. இன்னைக்கே போலாம்.”

தணிகைவேலுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தார். புரிந்தது பாதிதான்.

மூன்று பேரும் ஏறினார்கள். பாதை ஒன்றும் பயங்கரமில்லை. சோலையைத் தாண்டினால் புல்மேடு, அது கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து ஒரு முகட்டில் முடியும். முகட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளைப் பாறை. முகட்டில் நின்றால் அந்தப் பக்கம் தெரியும்.

“அங்க போறதுக்குள்ள அவங்களுக்கு நடுக்கம் வந்துச்சுன்னா எறங்கிரணும்” என்று பிலோமினா முதலிலேயே சொல்லிவிட்டாள். “இந்தத் தடவை எறங்கிட்டா சட்டுனு மறுபடி கூட்டிட்டு வர மாட்டேன். ஏத்துறதை விட பத்திரமா எறக்குறதுதான் என் வேலை.”

தணிகைவேல் ஜெயக்கொடியின் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீர், துண்டு, மாத்திரை, ஏறும்போது சட்டை வேண்டாம் என்று அவர் மடித்து வைத்த நீலச் சட்டை எல்லாம் அவரிடம்தான். அவள் கை வீசிக்கொண்டு நடந்தாள். வீசவும் விடவில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் “உக்காரு” என்பார். உட்காருவாள். “மூச்சு வாங்குதா?” என்பார். இல்லை என்பாள். “இருந்தாலும் உக்காரு” என்பார்.

இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து புல்மேட்டுக்கு வரும்போது அவளுக்கு உதடு வெளுத்துப்போயிருந்தது.

“குளிருதுங்க” என்றாள்.

அவ்வளவுதான். தணிகைவேல் பையைத் திறந்து நீலச் சட்டையை எடுத்தார். அவளுக்குக் கொடுப்பார் என்று பார்த்தால், தானே மாட்டிக்கொண்டார். அவள் அளவுச் சட்டை, அவருக்குத் தொப்புளோடு நின்றுவிட்டது. அப்படியே புல்மேட்டில் மேலும் கீழும் ஓட ஆரம்பித்தார்.

“கண்ணு, இவருக்கு என்னா ஆச்சு?” என்றாள் ஜெயக்கொடி.

பிலோமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் ஓடுவதைப் பார்த்தாள்.

அவர் மூச்சிரைக்க வந்து சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டினார். உள்ளே அவர் உடம்புச் சூடு அப்படியே இருந்தது.

“எப்படி இருக்கு?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “ரொட்டி அடுப்புப் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குங்க.”

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அவள் உட்கார்ந்தே இருந்தாள். அந்தச் சூடு எத்தனை நேரம் நிற்கும்? தீர்ந்தது. மறுபடி சட்டையை வாங்கினார், மாட்டினார், ஓடினார், கொடுத்தார். மறுபடி தீர்ந்தது. மூன்றாவது தடவை ஓடும்போது கால் பின்னியது. சட்டையைக் கழற்றி நீட்டினார்.

“போதுங்க” என்றாள் ஜெயக்கொடி. அவள் குரல் மாறியிருந்தது. “எறங்கிரலாம். அந்தப் பக்கத்தை நான் பாத்த மாதிரிதான்.”

“எப்படிப் பாத்த மாதிரி? இன்னும் ஒரு வாட்டி ஓடுனா போதும்.”

“அண்ணே” என்றாள் பிலோமினா. “உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. அவள் அவர் தோளில் இருந்த ஜெயக்கொடியின் பையைக் கழற்றினாள்.

“மாஸ்டர், அது கனம்.”

“கனந்தான்.”

பையை ஜெயக்கொடியிடம் நீட்டினாள். “அக்கா, இது உங்களுது. சட்டையைப் போட்டு, இதை முதுகுல மாட்டிக்கிட்டு மெதுவா ஏறுங்க. பேச முடியற அளவுக்கு மூச்சு இருக்கட்டும். வேர்க்கற மாதிரி இருந்தா சட்டை ஜிப்பை எறக்கி விட்டுக்குங்க.”

ஜெயக்கொடி தணிகைவேலைப் பார்த்தாள். அவர் பையைப் பார்த்தார். பிறகு அவள் சட்டையைப் போட்டு, பையை வாங்கி மாட்டிக்கொண்டாள். வாரைச் சரி செய்ய அவர் கையை நீட்டினார்.

“அவங்க பண்ணிக்குவாங்க” என்றாள் பிலோமினா.

ஜெயக்கொடி வாரை இழுத்துக்கொண்டு நடந்தாள். நாலு எட்டு வைத்தாள். வழக்கமாக உட்காரச் சொல்லும் இடம் அதுதான். யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது எட்டும் வைத்தாள்.

கீழே இருவரும் நின்று பார்த்தார்கள். நீலச் சட்டை புல்மேட்டில் சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு வளைவில் அவள் பக்கவாட்டில் திரும்பியபோது கன்னம் சிவந்திருப்பது தெரிந்தது. கை கழுத்துக்குப் போய் ஜிப்பைக் கீழே இழுத்தது.

“மாஸ்டர், அவளுக்கு வேர்க்குது” என்றார் தணிகைவேல். ரெண்டு வருஷமாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்தது போலச் சொன்னார்.

“ஆமாண்ணே.”

“என் சூடு இல்ல அது.”

“இல்ல.”

பை இல்லாத தோளைத் தடவினார். “அப்ப நான் என்னாத்துக்கு மாஸ்டர்?”

பிலோமினா மேலே கை காட்டினாள். “அந்த வெள்ளைப் பாறைகிட்ட காத்து அடிக்கும். அங்க போனதும் நின்னு ஜிப்பை ஏத்திக்கணும். நீங்க கூப்பிட்டுச் சொல்லுங்க.”

“நீங்களே சொல்லுங்க மாஸ்டர்.”

“நான் சொன்னா திரும்பிப் பாப்பாங்க. நீங்க சொன்னா நின்னுருவாங்க. ரெண்டு வருஷமா உங்க சத்தத்துக்குத்தானே நின்னு பழகியிருக்காங்க.”

ஜெயக்கொடி பாறைக்குப் பக்கத்தில் போய்விட்டாள். காற்று அவள் சேலைத் தலைப்பைத் தூக்கி அடித்தது.

தணிகைவேல் வாயில் ரெண்டு கையையும் குவித்தார். மூச்சை இழுத்தார்.

அவள் நின்றாள். ஜிப்பை ஏற்றத்தான் நின்றாளா, மூச்சு வாங்க நின்றாளா, இங்கிருந்து தெரியவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு முகட்டைப் பார்த்து நடந்தாள்.

குவித்த கை குவித்தபடியே இருந்தது. அவர் கூப்பிடவில்லை.