ஆவாரங்குடியில் இறங்கியவர்கள்

மெய்யம்மை அம்மையார் ரயிலில் போனால் பேர்பெற்ற ஊர்களில் இறங்குவதில்லை. திருச்சி வரும்; கண்மூடி உட்கார்ந்திருப்பார். காரைக்குடி வரும், போகும். பிறகு யாரும் மூட்டையைத் தூக்காத ஏதோ ஒரு நிலையத்தில் எழுந்து, "இங்கே இறங்குவோம்" என்பார். ஓரிரு நாள் தங்கிவிட்டு மறுபடி ரயில் ஏறுவார்.

அவருடைய சிஷ்யை தையல்நாயகி. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கணவர் போனபின் ஒற்றை ஆளாக மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு ஆசிரமத்துக்கு வந்தவர். அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "அக்கா" என்பார்.

அந்த முறை இருவரும் ராமேஸ்வரத்துக்குப் புறப்பட்டார்கள். காரைக்குடி தாண்டிச் சற்று நேரத்தில் வண்டி ஆவாரங்குடி என்ற ஊரில் நின்றது. அம்மையார் எழுந்தார்.

"இங்கே பார்க்க என்னம்மா இருக்கு?" என்றார் தையல்நாயகி.

"தெரியாது. நான் வந்ததில்லை."

"கோயில்?"

"இருக்கலாம்."

"ராமேஸ்வரம் போறது தள்ளிப்போகுமே."

"கடல் அங்கேதான் இருக்கும்."

"ஒண்ணும் இல்லாத ஊரா பார்த்து ஏம்மா இறங்கறீங்க?"

அம்மையார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வண்டி கிளம்பப் போகுது, அக்கா."

நிலையத்துக்கு வெளியே ஒரு தெரு. தெருவில் ஒரு டிபன் கடை. கடை நடத்திய சௌந்தரம் இரண்டு காவிப் புடவைகளையும் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எந்தக் கோயிலுக்கு வந்திருக்கீங்க, சாமி?"

"கோயிலுக்கு வரலைம்மா."

"சொந்தக்காரங்க வீடா?"

"இல்லை. சும்மா ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்னு."

சௌந்தரம் சிரித்துவிட்டாள். "எங்க ஊருல சும்மா இருக்கிறதுக்குன்னு ரயிலேறி வந்தவங்க நீங்கதான்." கடைக்குப் பின்னால் வீடு. மாடியில் வெங்காய மூட்டை போட்டிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தாள். "நாளைக்கு மருமகளுக்கு வளைகாப்பு. வீடு சந்தடியா இருக்கும். பொறுத்துக்கணும்."

சாயங்காலம் மருமகள் இளவரசி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி மாடிப்படியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அப்படியே படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்தாள். தையல்நாயகி இறங்கிப் போய் அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பெருவிரலை மேல்நோக்கி மடக்கி, சதையை மெல்லப் பிசைந்தார்.

"விடுங்க பெரியம்மா. காவி கட்டினவங்க என் காலைத் தொடக் கூடாது."

"பேசாம இரு. விட்டுடும்."

விட்டது. இளவரசி காலை எடுக்கவில்லை.

"நாளைக்கு மொத வளையல் நீங்க போடுறீங்களா?" என்றாள். "எங்கம்மா இந்த ஊர்தான், அடுத்த தெரு. காலையிலேயே வந்துடும். ஆனா அடுப்படியை விட்டு வெளிய வராது. அப்பா இல்லைல்ல."

தையல்நாயகியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி பிசையத் தொடங்கியது.

காலையில் கீழே பாய் விரிக்கிற சத்தம் கேட்டதும் அவர் புடவையை உதறிக் கட்டிக்கொண்டார்.

"ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வர்றேம்மா. வண்டி நேரம் கேட்கணும்."

"நேத்தே கேட்டோமே."

"இன்னொரு தடவை கேட்டுடறேன்."

"சரி" என்றார் அம்மையார்.

நடைமேடையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. தையல்நாயகி அதில் உட்கார்ந்தார். நேரம் கேட்கவில்லை. எல்லா விசேஷங்களிலும் அவருக்கு இப்படி ஏதாவது ஒரு வேலை இருந்தது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். பூட்டிய அறைக்கு வெளியே சாவியோடு உட்கார்ந்திருப்பார். சொந்த மகளின் வளைகாப்பின்போது கொல்லையில் இலை கழுவிக்கொண்டு நின்றார். வளையல் சத்தம் மட்டும் கேட்டது. மகள் இரண்டு மூன்று தடவை கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அப்புறம் பார்க்கவில்லையாம்.

சௌந்தரம் வேகவேகமாக வந்தாள். பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இங்க வந்து உக்காந்திருக்கீங்களே! நல்ல நேரம் போவுது. நீங்க வந்தாத்தான் கையை நீட்டுவேன்னு அவ அடம் பிடிக்கிறா."

"நான் போடக் கூடாதும்மா. எனக்கு வீட்டுக்காரர் இல்லை."

சௌந்தரம் நின்றாள். தண்டவாளத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"காவி கட்டிட்டீங்க. இங்க உங்களை யாருக்குத் தெரியும்? எங்கிட்ட இதைச் சொல்லலைன்னு வச்சுக்குங்க. வாங்க."

தையல்நாயகி எழுந்து அவள் பின்னால் நடந்தார்.

கூடம் நிறையப் பெண்கள். இளவரசி மணையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து கொள்ளாத மாலை. மெய்யம்மை அம்மையார் சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்து யாரோ கொடுத்த குழந்தையை மடியில் வைத்திருந்தார். சிஷ்யையைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார், அவ்வளவுதான்.

வளையல் தட்டை நீட்டினார்கள். தையல்நாயகி ஒரு பச்சை வளையலை எடுத்தார். இளவரசி கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் அடுப்படிக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரு பெண் முதுகைக் காட்டி, புளியோதரையில் கரண்டியை விட்டபடி நின்றிருந்தாள். கரண்டி அசையவில்லை. காது மட்டும் கூடத்தில் இருந்தது.

தையல்நாயகி வளையலைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"இதோ வந்துட்டேன்" என்று அடுப்படிக்குள் போனார்.

அந்தப் பெண் வேலம்மாள், இளவரசியின் அம்மா.

"வாங்க" என்றார் தையல்நாயகி.

"எங்க?"

"கூடத்துக்கு. உங்க மக காத்துக்கிட்டு இருக்கா."

"அவ உங்களுக்குத்தான் காத்திருக்கா. போய்ப் போட்டு விடுங்க, சாமி. நான் இங்கேருந்து கேட்டுக்குறேன்."

"நானும் உங்களை மாதிரிதான். வீட்டுக்காரர் போய் ரொம்ப வருஷமாச்சு."

வேலம்மாள் அப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படின்னா உங்களுக்கே தெரியுமே" என்றாள். குரல் தாழ்ந்தது. "நான் தொட்டு, வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"என் மக வளைகாப்புல நான் தொடலை. கிட்டக்கூடப் போகலை. கொல்லையிலயே நின்னேன்." தையல்நாயகி நிறுத்தினார். "அந்தக் குழந்தை தங்கலை."

வேலம்மாள் அடுப்பைத் தணித்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒரு தடவை துடைத்தது போதாமல் மறுபடி துடைத்தாள். பிறகு வெளியே வந்தாள்.

கூடத்தில் பேச்சு நின்றது.

"வேலம்மா, நீ எங்க வர்ற?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒருத்தி.

வேலம்மாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். இளவரசி திரும்பினாள். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு கைகளையும் அம்மா பக்கம் நீட்டினாள்.

எல்லாரும் சௌந்தரத்தைப் பார்த்தார்கள். அவள் வீடு. அவள் வாரிசு. சௌந்தரம் மருமகளைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள். முகம் இறுகியிருந்தது. பிறகு குனிந்து சந்தனக் கிண்ணத்தை வேலம்மாள் பக்கம் நகர்த்தினாள்.

"மொதல்ல சந்தனம் தடவு" என்றாள்.

வேலம்மாள் தடவினாள். வளையலை எடுத்தாள். வளையல் மணிக்கட்டுக்கு ஏறவில்லை. இளவரசி கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைக் குறுக்கிக் கொடுத்தாள். ஏறியது.

முன்வரிசையில் இருந்தவள் எழுந்தாள். அவளோடு இன்னொருத்தியும் எழுந்து போனாள். வாசலில் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வளையலைத் தையல்நாயகி போட்டார். மெய்யம்மை அம்மையார் பந்தியில் புளியோதரையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள். வேலம்மாள் வழியனுப்ப வந்தாள். தையல்நாயகியின் பையைப் பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டாள். தெருக்குழாயடியில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். நேற்று எழுந்து போனவளும் அங்கே இருந்தாள். இவர்கள் நெருங்கியதும் அவள் சத்தமாகச் சொன்னாள்:

"நல்லபடியாப் பொறக்கட்டும். பொறந்தப்புறம் பேசிக்கலாம்."

தையல்நாயகி நின்றார். வேலம்மாள் நிற்கவில்லை. "வாங்க, வண்டிக்கு நேரமாச்சு" என்று முன்னே நடந்தாள்.

வண்டி வந்தது. வேலம்மாள் பையை வண்டியில் ஏற்றிக் கொடுத்தாள். ஜன்னல் வழியாகத் தையல்நாயகியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.

தையல்நாயகியின் முகம் தெளிந்திருந்தது. அவர் அவ்வளவு பேசி அம்மையார் கேட்டதில்லை.

"இப்பத்தாம்மா எனக்குப் புரியுது. தெரிஞ்ச ஊருக்குப் போனா, எனக்குன்னு அவங்க ஒதுக்கி வச்ச மூலையில நானே போய் உக்காந்துக்குவேன். இங்க என்னை யாருக்கும் தெரியாது. யார் என்ன சொல்வாங்கன்னு பயமில்லை. அதனாலதான் எழுந்து அடுப்படிக்குப் போக முடிஞ்சது. அதுக்காகத்தானே இந்த மாதிரி ஊரா பார்த்து இறங்கறீங்க?"

அம்மையார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேலம்மாள் நடைமேடையை விட்டு இறங்கி, குழாயடி இருந்த தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு அது தெரிஞ்ச ஊர், அக்கா" என்றார்.